புறநின்று கற்றல்

ஒருவன் தான் கைக்கொண்டொழுகாத சமயமொன்றைக் கற்று உள்ளவாறு அறிதல் கூடுமோ? கூடுமெனின், அவ்வறிவு எத்தன்மைத்து? கற்பவன் அச்சமயத்தார்க்குச் செலுத்தவேண்டிய கடன் யாது? இவ்வினாக்கள் நூலறிவுடையோர் கூடியிருந்து பேசிப் பொழுது கழித்தற்கு ஏற்றன என்றே யாம் நெடுங்காலம் எண்ணியிருந்தோம். சென்ற ஆண்டு ஆவணி மாதத்து மாலைப்பொழுதொன்றில் எமது வீட்டு விறாந்தையில் வந்திருந்த மாணவியொருத்தி அவ்வெண்ணத்தைக் கெடுத்தாள்.

அவள் யாம் முன்னர் உபாத்திமைத் தொழில் செய்த வித்தியாசாலையிற் கற்றவள். சைவசமய பாடத்திற் பலமுறை முதற்பரிசு பெற்றவள். யாழ்ப்பாணச் சர்வகலாசாலையில் இந்து நாகரிகத்தைச் சிறப்புப் பாடமாகக் கொண்டு பட்டம் பெற்றபின், மேலைத்தேயத்துச் சர்வகலாசாலையொன்றில் ஆசியச் சமயங்களைப் பற்றிய மேற்பட்டப் படிப்பிற்கு இடமும் உதவிப்பணமும் வேண்டி விண்ணப்பஞ் செய்திருந்தாள். அங்கே கற்பிக்கப்படும் சமயங்களுள் ஒன்றை முதன்மையாகத் தெரிந்துகொள்ளல் வேண்டுமாம். அவள் தெரிந்துகொண்டது சைவத்தை அன்று, பௌத்தத்தை. பாளியும் வடமொழியுங் கற்று, தமிழ்நாட்டில் ஒருகாலத்துச் சிறந்திருந்து பின் மறைந்துபோன பௌத்தத்தைத் துருவி ஆராய்தல் அவள் கருத்து. இளமைக்கால ஆசிரியர் என்னும் முறையில் எம்மிடத்து ஒரு நற்சான்றுக் கடிதம் வேண்டி வந்திருந்தாள்.

அவ்வேளையில் எம்மோடு ஒரு பெரியவர் இருந்தார். ஊர்க்கோயிலிலே கந்தபுராண படனம் நடக்குங்கால் நாற்பது ஆண்டுக்கு மேலாகப் பயன் சொல்லி வருபவர் அவர். மாணவி கூறியவற்றை முற்றுங் கேட்டபின், "பிள்ளை, எங்கள் சமயத்தையே அங்குள்ள வெள்ளைக்காரரிடத்துப் போய்ப் படிப்பது ஒரு குறை. அதுவுமன்றி, எங்கள் சமயத்தை விட்டுப் புத்தசமயத்தைப் படிப்பது இரண்டாவது குறை. இரண்டையும் ஒருங்கே செய்யப் பார்க்கிறாயே!" என்றார். அவள் மறுமொழி கூறவில்லை. உடன்வந்திருந்த அவள் அன்னை மாத்திரம், "உலகத்திலே வேறு படிப்பு இல்லையா ஐயா?" என்று எம்மை நோக்கி மெல்லக் கேட்டாள். அவ்வன்னையின் மூத்த மகன் 2009ஆம் ஆண்டு வைகாசிக்குப் பின் வீடு திரும்பாதவன். ஆதலால் அவ்வினாவினுள்ளே கிடந்தது சமயவாதம் மாத்திரம் அன்று என்பது எமக்கு விளங்கிற்று. ஒரு கிழமை தவணை கேட்டு அவர்களை அனுப்பினோம். அக்கிழமையிலும் அதன்பின்னரும் யாம் எண்ணியவற்றையே சைவ ஆசிரியர்களாகிய உங்கள்முன் வைக்கின்றோம். இத்தகைய மாணாக்கர் நாளை உங்கள் வீட்டு வாயிலுக்கும் வருவர்.

முதற்கண், இப்படிப்பு யாதென்பதைச் சிறிது கூறல் வேண்டும். சமயங்களை ஒப்புநோக்கி ஆராய்தல் மேலைத்தேயத்து ஒரு தனித்துறையாகத் தலையெடுத்துச் சற்றேறக்குறைய நூற்றைம்பது ஆண்டுகள் ஆகின்றன. 1870ஆம் ஆண்டு இலண்டனிற் செய்த விரிவுரைகளில் மாக்ஸ் முல்லர், ஒரு சமயத்தை மாத்திரம் அறிந்தவன் சமயம் என்பதையே அறிந்தவனாகான் என்னுங் கருத்தை வற்புறுத்தினார். அவர் பார்வையில் வெளிவரத் தொடங்கிய கீழைத்தேயப் புனிதநூல் வரிசை 1879 முதல் 1910 வரை ஐம்பது தொகுதிகளாக நிறைவெய்திற்று. வேதம், உபநிடதம், பௌத்தப் பிடகம், சைனசூத்திரம், சீனத்து நூல்கள் முதலியன அதனுள் அடங்கும். தமிழ்நூல் ஒன்றேனும், சிவாகமம் ஒன்றேனும் அதனுள் இல்லை என்பதை நம்மவர் கவனித்தல் தகும். வேதத்தைப் பதிப்பித்த அப்பெரியார் இந்தியாவின் மண்ணை ஒருநாளும் மிதித்தவரல்லர் என்பதும் கருதத்தக்கது. 1904ஆம் ஆண்டு மான்செஸ்ரர்ச் சர்வகலாசாலையில் ஒப்புமைச் சமயத்துக்குப் பேராசிரியராக றைஸ் டேவிட்ஸ் அமர்ந்தார். இக்காலத்து இத்துறை அமெரிக்கா, இங்கிலாந்து, ஜேர்மனி, பிரான்சு, யப்பான் எங்கணும் பரந்துள்ளது. படிப்பில் முதன்மையானது மொழிப்பயிற்சி. பௌத்தம் கற்பார் பாளி, வடமொழி, திபெத்து மொழி, சீனமொழி என்பனவற்றுள் இரண்டேனும் பயிலல் வேண்டும். அதன்பின்னரே ஏட்டாராய்ச்சி, சரித்திரம், தத்துவம், மக்கள் வழக்கு என்பன. ஈரெழுத்து அறிந்தவுடன் சமயப் பிரசங்கஞ் செய்யப் புகும் நம்மவர் சிலருக்கு இவ்வொழுங்கு நாணத்தை விளைவித்தல் கூடும்.

இனிப் பெரியவர் கூறிய முதற்குறையை ஆராய்வாம். சைவன் அல்லாதவன் சைவத்தை எங்ஙனம் அறிவான் என்பது அது. தீக்கை பெறாதவன், திருநீறு தரியாதவன், சிவாலயத்துட் சென்று கண்ணீர் சொரியாதவன், பதிகத்தைச் சொற்பிரித்துப் பொருள் எழுதிவிடுதலால் அதனை அறிந்தவனாவனோ எனின், ஆகான் என்பதே நம் நூற்றுணிபு. சிவஞானசித்தியார் சுபக்கத்து ஒன்பதாஞ் சூத்திரத்தில், வேத சாத்திர புராணங்களாலும் கலைகளாலும் வரும் அறிவுகள் பாசஞானம் என்றே வகுக்கப்பட்டுள்ளன. அவற்றால் இறைவனைக் காணல் இயலாது என்பது சித்தாந்தம்.

அஃதொக்கும். ஆயின் அச்சூத்திரம் வெள்ளைக்காரனை மாத்திரம் நோக்கிச் சொல்லப்பட்டதோ? ஈண்டே யாம் எம்மையும் எம்மோடொத்த ஆசிரியர்களையும் சோதித்துப் பார்க்க நேர்ந்தது. க.பொ.த. சாதாரணதரப் பரீட்சைக்குச் சமயம் கட்டாயபாடமாக நெடுங்காலம் இருந்து வருகின்றது. மாணாக்கர் முப்பொருளுக்கும் இலக்கணம் எழுதுகின்றனர்; நால்வகைப் பாதங்களை வரிசைப்படுத்துகின்றனர்; பஞ்சகிருத்தியங்களைக் கோடிட்ட இடத்தில் நிரப்புகின்றனர். யாம் கற்பித்த முப்பது ஆண்டுகளில், ஆணவமலம் என்பது யாது என வினாவுக்கு விடை எழுதி அதிகூடிய புள்ளி பெற்ற பிள்ளைகள் நூற்றுக்கணக்கினர். தன்னிடத்து அம்மலம் எங்ஙனந் தொழிற்படுகின்றது என்று எம்மை வினாவிய பிள்ளைகள் இருவர். அவ்விருவருக்கும் யாம் செவ்வனே விடை கூறினேமல்லேம் என்பதையும் மறையாது கூறல் வேண்டும். இது பாசஞானமன்றி வேறென்னை? புறச்சமயி ஒருவன் இலீப்சிக் நகரத்து இருந்து ஒரு சிவாகமத்தை வாசிப்பதற்கும், திருநீறணிந்த எம் மாணாக்கன் குறிப்புப்புத்தகத்தை மனனஞ் செய்வதற்கும் இடையே உள்ள தூரம் யாம் எண்ணியிருந்த அளவினது அன்று. அவன் தான் புறத்தே நிற்பதை அறிவான். நாம் அகத்தே நிற்பதாக நினைந்து புறத்தே நிற்கின்றோம். இருவருள் எவன் நிலை இரங்கத்தக்கது என்பதை ஆசிரியர்களே துணிக.

இதனால் அநுபவம் வேண்டா என்பது பெறப்படாது. அநுபவமே முடிந்த முடிபு. ஆயினும் அநுபவத்திற்கு முன்னே செய்யப்படவேண்டிய வேலைகள் பல உள. ஏட்டைத் தேடல், பாடவேறுபாடு காணல், சொற்பொருள் துணிதல், காலம் வரையறுத்தல் என்னும் இவற்றைப் புறநின்றார் செய்தால் அவை பழுதாகா. நம் ஆகமங்களின் கதையே இதற்குச் சான்று. குருக்கள்மார் வீடுகளிலும் மடங்களிலும் செல்லரித்துக் கிடந்த சைவாகம ஏடுகளைத் தேடித் தொகுத்தல், 1955ஆம் ஆண்டு ஜீன் பிலியோசா என்னும் அறிஞர் புதுச்சேரியில் நிறுவிய பிரெஞ்சுக் கழகத்தின் பெருந்தொண்டாயிற்று. என். ஆர். பட்டர் அங்கிருந்தே ரௌரவம், அசிதம், மதங்கம் முதலியவற்றைப் பல ஏடுகளோடு ஒப்புநோக்கிப் பதிப்பித்தார். தி. வே. கோபாலையர் ஆய்ந்த தேவாரப் பதிப்பு 1984ஆம் ஆண்டு முதல் அக்கழகத்தின் வாயிலாகவே வெளிவந்தது. புதுச்சேரியிற் காக்கப்படும் சைவ ஏடுகள் 2005ஆம் ஆண்டு உலக நினைவுப் பதிவேட்டில் யுனெஸ்கோவாற் சேர்க்கப்பட்டன. அவ்வேடுகள் நம் கையில் இருந்தபோது நாம் செய்தது யாது? ஆடிப்பெருக்கன்று ஆற்றில் விட்டோரும் அடுப்பெரித்தோரும் சைவரேயாவர்.

போப்பையர் 1900ஆம் ஆண்டு திருவாசகத்தை ஆங்கிலத்தில் வெளியிட்டபோது எண்பதாண்டு நிரம்பியவர். இறுதிவரை கிறித்தவராகவே இருந்தவர். அவர் திருவாசகத்தைப் படித்து அழுதார் என்னுங் கதையை நம் மேடைகளில் ஓயாது கேட்கின்றோம். அக்கதையைச் சொல்வதில் நமக்குள்ள விருப்பத்தில் நூறில் ஒரு கூறு, அவர் எழுதிய குறிப்புக்களை வாசித்து அவை சரியோ பிழையோ எனத் தேர்வதில் இல்லை. பிறர் நம்மைப் புகழ்ந்தார் என்பதே நமக்குப் போதியதாயிருக்கின்றது போலும்.

மற்றொன்றும் ஈண்டுக் கூறற்பாலது. புறநின்று கற்றார் எவரும் தனியே கற்றாரல்லர். மேற்கூறிய றைஸ் டேவிட்ஸ் 1860களில் இலங்கைக்கு அரசாங்க உத்தியோகத்தராக வந்தவர். அவருக்குப் பாளி கற்பித்தவர் யாத்திராமுல்லே தம்மாராமர் என்னுஞ் சிங்களப் பிக்கு. நோயால் நலிந்த நிலையிலும் அப்பிக்கு கற்பிப்பதை விட்டாரல்லர். பின்னாளில் இலண்டனிற் செய்த விரிவுரையில் மாணாக்கர் அவரை நன்றியோடு நினைந்தார். 1881ஆம் ஆண்டு தொடங்கிய பாளி நூற்கழகத்தின் பதிப்புக்களை இன்று உலகெங்கும் மேற்பட்ட மாணாக்கர் விரித்து வைத்துப் படிக்கின்றனர். அவற்றின் அடியிலே தென்னிலங்கைப் பிரிவேனாக்களின் மண் இருக்கின்றது. போப்பையருக்கும் தமிழாசிரியர் இருந்தனர். பிலியோசாவிற்கு முன்னே பட்டரும் குருக்கள்மாரும் இருந்தனர். புறச்சமயியின் கல்வி என்று நாம் ஒதுக்குவதிற் பெரும்பகுதி, அகச்சமயியின் வாய்மொழி கடல்கடந்து திரும்பி வந்ததேயாம். வழியிலே ஆசிரியன் பெயர் சிற்றெழுத்தாகி அடிக்குறிப்பில் ஒடுங்கிவிட்டது. குறை கூறுவதாயின் இதனைக் கூறுக.

அங்ஙனமாயின், புறநின்று கற்பான் சரியாகக் கற்றான் என்பதை எதனால் அளப்பது? கனடா தேயத்தவரும், இசுலாத்தை ஆராய்ந்தவரும், 1964ஆம் ஆண்டு முதல் ஹாவாட் சர்வகலாசாலையின் உலகச்சமய ஆராய்ச்சி நிலையத்துக்குத் தலைமை பூண்டவருமாகிய வில்பிரெட் கான்ற்வெல் ஸ்மித் என்பவர் 1959இல் ஓர் அளவுகோல் கூறினார். ஒரு சமயத்தைப் பற்றி ஒருவன் கூறுங் கூற்று, அச்சமயத்தார் கேட்டு, ஆம், இது நம்முடையதே என்று ஒப்புதற்கு உரியதாயிருந்தாலன்றி உண்மையாகாது என்பது அதன் கருத்து. இதனைக் கேட்டவுடன் சைவருள்ளம் குளிரும். நம்மை நம் சொல்லால் விளக்குக என்று நாம் கேட்பதும் இதுவேயன்றோ?

யாமும் அவ்வாறே குளிர்ந்திருந்தோம். பின்னர் ஓரிடத்தில் அவ்வளவுகோல் முறிந்தது. 1968ஆம் ஆண்டு மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாயிலிலே, உள்ளே செல்ல வந்த சைவர் பலர் தடுத்து நிறுத்தப்பட்டனர். தடுத்தோரும் சைவர். இந்நிகழ்ச்சிகளையும் யாழ்ப்பாணத்துச் சாதிவழக்கினையும் பின்னர் அந்நிய ஆராய்ச்சியாளர் எழுதினர். அவ்வெழுத்தைக் காட்டி, "இது நும்முடையதோ?" என்று கேட்டால் நாம் யாது விடை கூறுவோம்? உள்ளே நின்ற சைவர், இது சைவத்தைப் பழித்தற்கு எழுதியது என்பர். வாயிலில் நின்ற சைவர், ஒவ்வோரெழுத்தும் உண்மை என்பர். ஆகவே, சமயத்தார் ஒப்பவேண்டும் என்னுமிடத்து, எந்தச் சமயத்தார் என்னும் வினா எழுகின்றது. நம்முடைய நாவினால் நாம் சொல்லத் துணியாததைப் புறத்தான் ஒருவன் சொல்லிவிட்டான் என்பதற்காக அதனைப் பொய்யெனத் தள்ளல் நீதியன்று. ஸ்மித்தின் அளவுகோல் கொள்கைகளை அளப்பதற்குப் பெரிதும் உதவும். ஒழுக்கத்தை அளப்பதற்கு, வாயிலில் நின்றாரையுஞ் சேர்த்துக் கேட்டாலன்றி உதவாது. இவ்வளவிலே முதற்குறையை விடுத்து இரண்டாவதற்குச் செல்வாம்.

சைவர் பௌத்தத்தைக் கற்றல் தகுமோ? தகாதென்பார் நம் முன்னோர் செய்ததை மறந்தவராவர். சிவஞானசித்தியார் பரபக்கத்திலே அருணந்தி சிவாசாரியார் உலகாயதன் முதலாகப் பாஞ்சராத்திரி ஈறாகப் பதினான்கு மதத்தாரை நிறுத்தி, ஒவ்வொருவர் மதத்தையும் முதலிற் கூறி அதன்பின்னரே மறுக்கின்றார். அவருட் பௌத்தர் மாத்திரம் நால்வர். மறுக்கப்படுங் கொள்கையை முதற்கண் நிறுத்தியுரைத்தல் நம் சாத்திரமரபு. நாவலரவர்கள் பேர்சிவல் பாதிரியாரோடு இருந்து விவிலியத்தைத் தமிழ்செய்தார்கள். அக்காலத்து அந்நூலைப் பிழைபட மொழிபெயர்த்துக் கிறித்தவர்க்கு இடையூறு விளைக்க அவர்கள் நினைந்தார்களல்லர். அந்நூலைப் பிழையறக் கற்றமையாலன்றோ 1854இல் சைவதூஷண பரிகாரம் எழுதப்பட்டது! திருநெல்வேலி ஞானப்பிரகாச முனிவர் பறங்கியர் காலத்து யாழ்ப்பாணத்தை விட்டகன்று கௌடதேசஞ் சென்று வடமொழி கற்றார் என்பது வழிவழிச் செய்தி. மேற்படிப்பிற்குக் கடல்கடந்த முதல் யாழ்ப்பாணத்தவர் அவரே என்று யாம் அப்பெரியவரிடம் நகையாகக் கூறியதுண்டு.

இவரெல்லாம் மறுத்தற்காகக் கற்றவர் என்று ஒருவர் தடை நிகழ்த்தலாம். அற்றேல், மறுத்தற்காகவன்றி விளங்குதற்காகவே கற்ற ஒருவரைக் காட்டுவாம். மீனாட்சிசுந்தரம்பிள்ளையவர்களிடத்தும் திருவாவடுதுறை மடத்தினிடத்தும் வளர்ந்து, திருநீறும் உருத்திராக்கமும் விளங்க இருந்த உ. வே. சாமிநாதையரைச் சைவாபிமானம் இல்லாதவர் என்று எவருங் கூறார். 1880ஆம் ஆண்டு சேலம் இராமசுவாமி முதலியார் தூண்டுதலாற் சீவகசிந்தாமணியைப் படிக்கப் புகுந்தவர், அந்நூல் சைனருடையது என்றும், தாம் கற்ற புராணப் பயிற்சி அதற்குச் சாவியாகாது என்றும் கண்டார். நல்லூழாகக் கும்பகோணத்திற் சைனர் இருந்தனர். சிந்தாமணியைச் சமயநூலாகப் போற்றிப் படித்து வந்தனர். சந்திரநாத செட்டியார் என்பாரிடத்துச் சென்று, சைனர் தத்துவங்களையும் வழக்கங்களையும் ஒரு மாணாக்கனைப்போற் கேட்டுத் தெளிந்தார். புத்தகத்தில் விளங்காத சொல், அச்சொல்லோடு வாழ்வார் வீட்டில் விளங்கிற்று. 1887இல் சிந்தாமணி வெளிப்போந்தது.

மணிமேகலைக்கு வந்தபோது கதை வேறு. ஏட்டிலுள்ள பரிபாடைச் சொற்கள் ஒன்றும் விளங்கவில்லை. வினாவுதற்குத் தமிழ்நாட்டிற் பௌத்தர் வீடு ஒன்றும் இல்லை. அந்நூல் பௌத்த நூல் என்பதே அவருக்கு முதலில் தோன்றவில்லை. அப்பொழுது உதவினவர் உடன் ஆசிரியராயிருந்த மளூர் ரங்காசாரியர். அவர் வைணவர். மேலைநாட்டார் பௌத்தத்தைப் பற்றி எழுதிய ஆங்கில நூல்களை அவர் படித்துத் தமிழிற் பொருள் கூறுவார். ஆங்கிலம் அறியாத சாமிநாதையர் கேட்டுக் குறித்துக்கொள்வார். எண்ணிப் பாருங்கள். சிங்களப் பிக்குமார் வாயிலிருந்து ஆங்கிலேயன் ஏட்டிற் புகுந்து, இலண்டனில் அச்சேறி, கும்பகோணத்துக்குக் கப்பலேறி வந்து, ஒரு வைணவர் நாவின்வழி ஒரு சிவபத்தர் செவியிற் சேர்ந்தமையாலன்றோ, 1898ஆம் ஆண்டு சாத்தனாரின் நூல் தமிழுலகுக்கு மீண்டது! அவர் அவ்வளவோடு அமையாது, புத்தசரித்திரம், பௌத்ததருமம், பௌத்தசங்கம் என்பவற்றையும் எழுதி உடன் வெளியிட்டார். அவற்றில் எள்ளல் ஒரு சொல்லும் இல்லை. அதனால் அவர் சிவபத்தி ஒரு மாத்திரையுங் குறைந்ததில்லை. சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளையவர்களும் 1881இற் பதிப்பித்த வீரசோழியம் பௌத்தராகிய புத்தமித்திரனார் செய்ததன்றோ?

இத்துணையும் எழுதியபின்னும் அவ்வன்னையின் வினா விடைபெறாமலே கிடக்கின்றது. அவள் கேட்டது சாத்தனாரைப் பற்றியன்று. வடக்கிலே ஒரு வெள்ளைத் தூபி எழுந்தால் அஃது யாருடைய கை என்று அஞ்சும் மக்கள் நடுவே வாழ்பவள் அவள். பௌத்தம் என்னுஞ் சொல் அவள் செவியில் ஒரு தத்துவமாக விழுவதில்லை. சீருடையணிந்தோர் காவல்நிற்கும் ஓரிடமாக விழுகின்றது. அவ்வச்சத்தை அறியாமை என்று தள்ளுதற்கு எமக்கு மனம் வரவில்லை. ஆயினும் கந்தரோடையை நினைத்தோம். போல் பீரிஸ் 1917ஆம் ஆண்டளவில் அங்கே அகழ்ந்து வெளிப்படுத்திய சிறுதூபிகளைக் கண்டு நம்மவர் கூறும் விடைகள் இரண்டே. அவை பௌத்தர் சின்னமே அல்ல என்பது ஒன்று. அவற்றைப் பற்றிப் பேசாதே என்பது மற்றொன்று. தமிழரே பௌத்தராயிருந்த காலம் ஒன்று உண்டு, உறையூரிலும் காஞ்சியிலும் நாகபட்டினத்திலும் விகாரைகள் நின்றன, பாளியில் நூல்செய்த தமிழ்ப்பிக்குகள் இருந்தனர் என்று சான்றுகாட்டிப் பேச வல்லார் நம்முள் மிகச் சிலர். கல்லைக் கண்டவிடத்து உரிமை பறிபோயிற்று என்று அஞ்சுதல், அக்கல்லின் சரித்திரத்தைப் பிறர்க்கே விட்டுவிட்டமையால் வந்தது. அவ்வன்னையிடம் இதனை விவாதமாகச் சொல்லுதற்கு யாம் துணிந்திலேம். அவள் மகள் சொல்லட்டும் என்று விட்டோம். சொன்னாளோ இல்லையோ, அறியேம். ஆனால் பயணத்தன்று பெட்டியினுள்ளே திருநீற்றுப்பையை வைத்து மூடியவள் அவ்வன்னையே.

நற்சான்றுக் கடிதத்தை ஆறாம் நாள் எழுதினோம். பெரியவருக்கு அதனைப் படித்துங் காட்டினோம். "எழுதியாயிற்று, இனிக் கேட்டென்ன?" என்றார்.

மாணவி சென்று ஏழு மாதங்களின் பின் ஒரு நீண்ட கடிதம் வந்தது. அவள் வகுப்பிலே நம் நாட்டுப் பிக்கு ஒருவரும் மாணாக்கராயிருக்கின்றாராம். இருவரும் நாகார்ச்சுனர் நூலை வடமொழியில் ஒருங்கே படிக்கின்றனர். ஒருநாள் அவள் பரபக்கத்திலுள்ள மாத்தியமிகன் மதத்தை அவருக்கு மொழிபெயர்த்துக் கூறினாளாம். பிக்கு நகைத்து, "இவர் எங்கள் தேரவாதத்தாரும் அல்லர், ஆயினும் நாம் இங்கே படிக்கும் நாகார்ச்சுனரும் அல்லர். நாகார்ச்சுனர் ஒன்றும் இல்லை என்பவர் அல்லரே. உண்டு என்பதையும் இல்லை என்பதையும் ஒருங்கே விலக்குகின்றவரன்றோ?" என்றாராம். பின் அவர் தம் பிடகத்திலுள்ள ஈசுவரவாத மறுப்பை எடுத்துக்காட்டினாராம். யாவும் ஈசுவரன் படைப்பேயாயின் கொலைஞன் கொலையும் ஈசுவரன் செயலேயாகும் என்பது அம்மறுப்பு. அவள் உடனே, "இது எங்கள் சிவன் அல்லன். உயிரும் மலமும் எங்கட்கு அநாதி, இறைவன் உயிரைப் படைத்தவன் அல்லன், வினைக்கீடாக உடம்பு கொடுப்பவன்" என்றாளாம். இருவரும் சிறிது நேரம் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தனராம். அவரவர் நூல், மற்றவரை அவர் அறியாத உருவிலே நிறுத்தி வென்றிருந்தது.

மணிமேகலையிலே சமயக்கணக்கர் திறங்கேட்ட காதையில் அளவைவாதிக்குப் பல அடிகள் இருக்கச் சைவவாதிக்குச் சில அடிகளே கொடுக்கப்பட்டமையை யாம் வகுப்பிற் குறைகூறிக் கற்பித்ததுண்டு. அக்குறையை அவள் மறந்தாளில்லை. கடிதத்தின் முடிவில் ஒரு வினா எழுதியிருந்தாள்: "ஐயா, சாத்தனார் நமக்குச் செய்ததை நாம் குறைகூறினோமே. அருணந்தி சிவாசாரியார் காலத்தில், அருகிருந்து கேட்டுத் தெளிதற்கு மாத்தியமிகர் எவரேனும் தமிழ்நாட்டில் இருந்தனரா? இல்லையாயின் அவர் யாரைக் கேட்டு அப்பகுதியை எழுதியிருப்பார்? இதனைக் கேட்பது அபசாரமாகுமா?"

சந்தானகுரவர் ஒருவருடைய வாக்கை நோக்கிய வினா இது. முப்பது ஆண்டுகளுக்கு முன்னராயின், அபசாரம் என்று ஒரு வரி எழுதி முடித்திருப்போம். இப்பொழுது அங்ஙனம் எழுத இயலவில்லை. ஆசிரியர் மறுக்க எடுத்துக்கொண்டது தம் காலத்து வழங்கிய பாழ்வாதமோ, நாகார்ச்சுனர் நூலோ என்பதைப் பிரித்தறிந்தாலன்றி விடை கூறல் ஆகாது. அதற்கு வேண்டிய பாளியும் வடமொழியும் எம்மிடத்து இல்லை. கடிதத்தை எடுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குச் சென்றோம். அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து இருமுறை படித்தார். சினப்பார் என்று எதிர்பார்த்தோம். "பிள்ளை கேட்டது சரியான கேள்வி" என்றார். பின்பு உள்ளே சென்று, உரையோடு கூடிய பழைய பரபக்கப் பதிப்பொன்றை எடுத்துவந்தார். மாத்தியமிகன் பகுதியை விரித்து, உரைகாரர் கூறியதை விரலால் தொட்டுத்தொட்டு வாசித்தார். இருட்டும்வரை வாசித்தும் இருவருக்கும் தெளிவு பிறக்கவில்லை.

எழுந்து வரும்போது, நாகார்ச்சுனர் நூல் தமிழில் உண்டோ என்று வினாவினார். எம்மிடத்திருந்த ஆங்கில மொழிபெயர்ப்பொன்றைக் கொடுத்தோம். தம் பேரனை வாசிக்கச் சொல்லிப் பொருள் கேட்பதாகக் கூறி வாங்கிக்கொண்டார். மூன்று கிழமைகள் சென்றன. புத்தகம் இன்னும் அவரிடத்தே இருக்கின்றது.